பழைய குளிர்சாதனத் துளையை மூடிய பலகை: காற்றுக் கசிவை எப்படி அடைப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் குடியிருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்களுடையது பழைய இரட்டைமாடித் தொடர்வீடு. மேல்மாடிப் படுக்கையறையில் முன்பு ஜன்னலில் பொருத்தும் குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுவரில் புதிய ஏர்கோன் மாட்டினோம். பெட்டி இருந்த இடத்தைப் பிளைவுட் பலகை அடித்து மூடினார்கள். இப்போது பலகையின் ஓரத்தில் காற்று வருகிறது, மழைக்கு ஈரம் கசிகிறது, விளிம்பெல்லாம் கறுத்துவிட்டது. ஏர்கோன் விடிய விடிய ஓடியும் அறையில் பிசுபிசுப்புப் போகவில்லை. பலகையின் மேல் பஞ்சுப் பட்டையும் குமிழ்த்தாளும் ஒட்டினால் சரியாகுமா? மீதி ஜன்னல் நாக்கோ கண்ணாடி (ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் கண்ணாடிப் பட்டைகளைக் கைப்பிடியால் சாய்த்துத் திறக்கும் வகை). மேற்குப் பார்த்த அறை."

ஒட்டாதீர்கள், சகோதரி. குமிழ்த்தாள் ஒட்டும் யோசனை குளிர் நாடுகளிலிருந்து வந்தது. அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போய்விடக்கூடாது என்பதுதான் கவலை. கோலாலம்பூரில் நம்மைப் படுத்துவது வெளிக்காற்றின் சூட்டைவிட, அந்தக் காற்று சுமந்து வரும் ஈரம். இதைப் புரிந்துகொண்டால் என்ன வாங்குவது, எதை முதலில் அடைப்பது என்பதெல்லாம் தானே தெளிவாகிவிடும். ஆகவே கொஞ்சம் கணக்கைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவோம்.

நம் ஊரில் இரவு நேரத்துக் காற்று ஏறத்தாழ 27 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் நீராவி இருக்கும். உங்கள் அறையை 24 டிகிரியிலும் 55 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைத்திருக்க வேண்டுமானால் அதே அளவு காற்றில் 12 கிராம்தான் இருக்கலாம். அப்படியானால் உள்ளே நுழையும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலிருந்தும் 11 கிராம் தண்ணீரை ஏர்கோன் பிழிந்தெடுக்க வேண்டும். பலகை ஓரத்திலும் நாக்கோ இடுக்கிலும் சேர்த்து மணிக்கு 20 கன மீட்டர் காற்று வருகிறது என்று கொண்டால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்குள் ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர். காற்றை 27 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவைப்படும் உழைப்பைப் போல ஏழு மடங்கு உழைப்பு, அந்த நீராவியைத் தண்ணீராக்கி வெளியேற்றப் போகிறது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்புப் போகாததற்குக் காரணம் இதுதான்.

பலகை வழியாகப் பாயும் சூட்டையும் பார்த்துவிடுவோம். பழைய பெட்டியின் துளை ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றேகால் அடி இருக்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் எட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும் பகலில்கூட, ஆறு வாட்டுக்கு மேல் சூடு பாயாது. ஒரு சின்ன எல்இடி விளக்கின் அளவு. அதன்மேல் பஞ்சு ஒட்டி எதைச் சேமிக்கப் போகிறீர்கள்? ஆனால் அந்தப் பலகையைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், நான்கு பக்கமும் கூட்டிப் பார்க்கும்போது, அது ஏழு சென்டிமீட்டர் சதுரத்தில் சுவரில் ஒரு துளை போட்டுத் திறந்து வைத்திருப்பதற்குச் சமம்.

விளிம்பு கறுத்ததற்கும் இந்தக் காற்றுதான் காரணம். 27 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை 25 டிகிரிக்கு அருகில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று வியர்த்துவிடும். உங்கள் ஏர்கோன் ஊதும் காற்று பலகைக்கு நேராகப் பட்டால் பலகை பனிநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடலாம். வெளியிலிருந்து இடுக்கில் நுழையும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த மரத்தில் நீராகப் படிகிறது. மழைத்தண்ணீரே படாத இரவிலும் பிளைவுட்டின் வெளி விளிம்பு நனைந்துகொண்டே இருக்கிறது. பூஞ்சணத்துக்கு அதுபோதும். அந்தப் பலகையின் உட்புறத்தில் குமிழ்த்தாள் ஒட்டினால், பின்னால் நடப்பது உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். சில மாதங்களில் பிளைவுட் அடுக்கடுக்காக உப்பிப் பிரியும்.

முதலில் எங்கெங்கே கசிகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூசை அறையில் இருக்கும் ஊதுபத்தியே போதும். மின்விசிறியையும் ஏர்கோனையும் நிறுத்தி, அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒட்டியிருக்கும் குளியலறையின் காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள். விசிறி காற்றை உறிஞ்சும்போது வெளிக்காற்று எல்லா இடுக்கு வழியாகவும் உள்ளே ஓடிவரும். பற்றவைத்த ஊதுபத்தியைப் பலகையின் ஓரமாக, விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி மெதுவாக நகர்த்துங்கள். நேராக மேலே போகும் புகை ஓரிடத்தில் சட்டென்று உடைந்து அறைக்குள் சாய்ந்தால் அங்கே இடுக்கு இருக்கிறது. பென்சிலால் குறியிடுங்கள். திரைச்சீலையை முன்பே கழற்றிவிடுங்கள், நெருப்பு விஷயம். இரவில் இன்னொரு சோதனையும் செய்யலாம்: உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடித்தால் பெரிய இடுக்குகள் கோடு கோடாகத் தெரியும்.

இந்தச் சோதனையில் பலகையைவிட மோசமான இடம் ஒன்று அகப்படலாம். பழைய தொடர்வீடுகளில் ஜன்னலுக்கு மேல், கூரைப் பலகைக்குச் சற்றுக் கீழே, காற்றுக்கென்று துளைவைத்த சிமெண்டுக் கற்கள் பதித்திருப்பார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்துக்கு அது மிக நல்ல ஏற்பாடு. இன்று ஏர்கோன் ஓடும் அறையில் அது திறந்திருந்தால் மற்ற எல்லா அடைப்பும் வீண். அதை சிமெண்டு பூசி நிரந்தரமாக மூடிவிடாதீர்கள். அளவுக்கு வெட்டிய ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டை ரப்பர் பட்டை வைத்து நான்கு திருகால் இறுக்கினால், வேண்டும்போது கழற்றலாம்.

இனி பலகை. கறுத்த பிளைவுட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். மரத்தின் உள்ளே இறங்கிய பூஞ்சணத்தை மேலே துடைத்து எடுக்க முடியாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பலகையை லேசாக ஈரப்படுத்திக் கழற்றுங்கள். உலர்ந்த துணியால் தட்டினால் பூஞ்சணத் தூள் அறை முழுக்கப் பறக்கும். குப்பைப்பையில் சுற்றி நேராகக் கீழே கொண்டுபோய்விடுங்கள். சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தையும் சாயம் பூசிய சுவரையும் நீர்த்த குளோரின் வெளுப்புத் திரவத்தால் துடைத்து, சில நிமிடம் விட்டு, பிறகு சுத்தமான தண்ணீரில் துடையுங்கள். வெளுப்புத் திரவத்தோடு வினிகரையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ கலந்துவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

பழைய பலகை பிளைவுட்டாக இல்லாமல் சாம்பல் நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய வீடுகளின் சிமெண்டுத் தகட்டில் கல்நார் கலந்திருக்கக்கூடும். துளையிடவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அனுபவமுள்ள ஆளிடம் விடுங்கள்.

புதிய பலகை மூன்று அடுக்காக இருக்கட்டும். வெளிப்பக்கம் அலுமினியக் கலப்புத் தகடு, வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில். நடுவில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை. உள்பக்கம் 6 மில்லிமீட்டர் கால்சியம் சிலிகேட் பலகை. சூடு ஆறு வாட்டுதான் என்று சொல்லிவிட்டு நுரை எதற்கு என்று கேட்பீர்கள். அதன் வேலை வெளித் தகட்டை அறையின் குளிரிலிருந்து பிரித்துவைப்பது. வெளித் தகடு வெளிக்காற்றின் சூட்டிலேயே இருந்தால் பனிநிலைக்குக் கீழே இறங்காது, வியர்க்காது. மேற்கு வெயிலுக்கும் சாலை இரைச்சலுக்கும் கூடுதலாகக் கொஞ்சம் தடை கிடைக்கும். ஈரம் புகாத அடுக்கு வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். குளிர் நாட்டு விளக்கங்களில் அதை உள்பக்கம் வைக்கச் சொல்வார்கள், அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. இங்கே திசை நேர் எதிர். நுரைப்பலகை தீப்பிடிக்கும் பொருள். அதை அப்படியே திறந்து விடாமல் சிலிகேட் பலகையால் முழுக்க மூடுவது அதற்காகத்தான்.

இதைப் பொருத்த ஏணி போட்டு வெளியே ஏற வேண்டியதில்லை, ஏறவும் கூடாது. கண்ணாடி பதிப்பதைப் போல உள்ளிருந்தே செய்யலாம். துளையின் வெளி விளிம்பை ஒட்டி, சட்டத்தின் நான்கு பக்கமும் அலுமினியக் கோணப்பட்டி அடியுங்கள். அதன் உள்முகத்தில் சிலிக்கோன் ஒரு தொடர்கோடாக, மூலைகளில் விட்டுப்போகாமல் வைத்து, பலகையை உள்ளிருந்து அழுத்திப் பதியுங்கள். சுற்றிலும் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டே பலகையை வெட்டியிருக்க வேண்டும். வெயிலில் அலுமினியம் விரியும், மழை பட்டதும் சுருங்கும், அந்த அசைவுக்கு இடம் வேண்டும். இடைவெளிக்குள் தண்ணீர் உறிஞ்சாத நுரைக்கயிற்றை (கடையில் 'பேக்கர் ராட்' என்று கேளுங்கள்), இடைவெளியைவிடச் சற்றுத் தடித்ததாக வாங்கி, திணித்து இறக்குங்கள். அதன்மேல் சிலிக்கோன். பின் உள்பக்கம் இன்னொரு கோணப்பட்டி.

நுரைக்கயிற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய இடுக்கில் குழாய் குழாயாகச் சிலிக்கோனை நிரப்புகிறார்கள். அப்படி நிரப்பினால் சிலிக்கோன் இரு பக்கச் சுவரோடு அடித்தளத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி விரியும்போது நீள முடியாமல் ஏதோ ஒரு பக்கம் பிய்ந்துவிடும். கயிறு இருந்தால் சிலிக்கோன் இரு பக்கம் மட்டும் பிடித்து நடுவில் ரப்பராக நீண்டு சுருங்கும். ஆழம் அகலத்தில் பாதியாவது இருக்க வேண்டும், அகலத்தை மிஞ்ச வேண்டியதில்லை. 300 மில்லிலிட்டர் குழாய் ஒன்று, ஆறு மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள கோட்டுக்கு எட்டு மீட்டர் வரை வரும். உங்கள் பலகைக்கு ஒன்றே மிஞ்சும்.

கடையில் சிலிக்கோன் கேட்கும்போது, காயும்போது வினிகர் வாசம் வீசாத வகையை, 'நியூட்ரல்' என்று குழாயில் எழுதியிருப்பதை வாங்குங்கள். வினிகர் வாசம் வருவது அமிலம் வெளியிடும் வகை. உலோகத்தை அரிக்கும், சிமெண்டில் சரியாகப் பிடிக்காது. சாதாரணச் சிலிக்கோன் மேல் சாயம் ஒட்டாது என்பதால் நிறத்தை முன்பே தேர்ந்துகொள்ளுங்கள். பூசும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். பழைய சிலிக்கோன் மேல் புதியது ஒட்டாது. பிளேடால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. மழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் காலையில் தொடங்குங்கள். சிலிக்கோன் காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது, நாளொன்றுக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம். ஆகவே இரண்டு, மூன்று நாளைக்கு அதைத் தொடாதீர்கள்.

கீழ் விளிம்பில் வெளிப்பக்கம் ஒரு சாய்வு கொடுங்கள், தண்ணீர் வெளியே வழிய. ஜன்னல் சட்டத்தின் அடியில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாதீர்கள். காற்று வருகிறதே என்று அவற்றில் சிலிக்கோன் வைப்பவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் விடியலுக்கு முன் சுமத்ராப் பக்கமிருந்து வரும் காற்றுமழை மேற்குச் சுவரில் நேராக அறையும்போது, சட்டத்துக்குள் புகுந்த தண்ணீருக்கு வேறு வழி இராது. அறைக்குள்தான் வழியும்.

காற்றோடு சேர்த்துத் திருட்டையும் யோசியுங்கள். பழைய பெட்டியை வைக்க அந்த இடத்தில் கிரில் கம்பியை வெட்டியிருப்பார்கள். இன்றைக்கு அந்தத் துளைக்கு நான்கு திருகோடு நிற்கும் பலகையைத் தவிர வேறு காவல் இல்லை. பலகையைக் கழற்றிய அன்றே இரண்டு பட்டைக் கம்பிகளைக் குறுக்கே வைத்துச் சட்டத்தில் பிடிக்கச் செய்யுங்கள்.

நாக்கோ கண்ணாடியைப் பொறுத்தவரை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: அது காற்றை அனுமதிக்கவே உருவான ஜன்னல், முழுக்க அடைக்க முடியாது. ஆனால் கசிவில் ஒரு பங்கு, கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் தேய்ந்ததால் வருவது. கைப்பிடியை மூடிய நிலையில் வைத்து, ஒவ்வொரு கண்ணாடியும் கீழ்க் கண்ணாடியோடு படிகிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கண்ணாடிகள், விரல் நுனி நுழையும் அளவுக்குத் தூக்கி நிற்கும். அந்தக் கவ்வி வளைந்திருக்கிறது, அல்லது ஆணி தளர்ந்திருக்கிறது. பக்கச் சட்டத்தை முழுத் தொகுப்பாக மாற்றிவிடலாம், கண்ணாடியை மாற்ற வேண்டியதில்லை. கண்ணாடியின் நீள விளிம்பில் செருகும் ஒளிபுகும் பிவிசி பட்டையும் உதவும்.

தினமும் ஏர்கோன் போடும் அறை என்றால், கைச்செலவு அனுமதிக்கும்போது நாக்கோவை எடுத்துவிட்டு வெளிப்பக்கம் திறக்கும் கதவுவகை ஜன்னல் வையுங்கள். நகர்த்தும் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் அடைப்பைத் தருவது பெரும்பாலும் தூரிகைபோன்ற மயிர்ப்பட்டைதான், தேயத் தேயக் காற்று வரும். கதவுவகையில் கைப்பிடியைத் திருகும்போது கண்ணாடிச் சட்டம் ரப்பர் பட்டையை அழுத்தி மூடிக்கொள்கிறது. ஒரு தாள்துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் செத்துவிட்டது. மாற்றும்போது இபிடிஎம் ரப்பரைக் கேளுங்கள். கடைகளில் மலிவாகத் தொங்கும் மஞ்சள், சாம்பல் நுரைப்பட்டை நம் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரமே பொடிந்து கையோடு வரும்.

மேற்கு வெயிலுக்கு அடைப்பு உதவாது, நிழல்தான் உதவும். ஒன்றரை சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக எட்டு டிகிரி வித்தியாசத்தில் பாயும் சூடு ஏறத்தாழ 70 வாட். தெளிந்த பிற்பகலில் அதே கண்ணாடியில் நேராக விழும் வெயில் 600 வாட் வரை உள்ளே கொண்டுவரும். இரட்டைக் கண்ணாடிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் வெளியே ஒரு மூங்கில் தட்டியோ சாய்ப்போ போடுங்கள். உள்ளே தொங்கும் தடித்த திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. அதற்குள் சூடு அறைக்குள் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் அடைத்த பிறகு மூச்சுக்காற்றை மறந்துவிடக் கூடாது. சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோன் அறைக் காற்றையே சுற்றிவிடுகிறது, புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. இருவர் மூவர் தூங்கும் அறையில் விடியலுக்குள் காற்று கனத்துவிடும். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காலையில் எழுந்ததும் ஜன்னலை நன்றாகத் திறந்து வையுங்கள். 1984 ஆம் ஆண்டின் சீரான கட்டட உபவிதிகளும் குடியிருப்பு அறைக்கு, தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காட்டு அளவில் ஜன்னலும், 5 விழுக்காட்டு அளவில் தடையில்லாமல் காற்று நுழையும் திறப்பும் வேண்டும் என்றுதான் சொல்கின்றன. எல்லா ஜன்னலையும் நிரந்தரமாக மூடிவிடுவது விதிக்கும் புறம்பு, தீ விபத்தில் உயிருக்கும் ஆபத்து. திறக்கும் ஜன்னல் ஒன்றின் கிரில்லுக்குப் பூட்டு இருந்தால் சாவி அறைக்குள்ளேயே, பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் தொங்கட்டும்.

புகைமூட்டக் காலத்தில் மட்டும் இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 2015 லும் 2019 லும் பார்த்தோம், வாரக்கணக்கில் வானமே தெரியவில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100 ஐத் தாண்டும் நாட்களில் ஜன்னலை மூடியே வைத்து, நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிடுங்கள். நாக்கோ இடுக்குகளை அந்த நாட்களுக்கு மட்டும் உள்ளிருந்து ஒளிபுகும் தகடும் காந்தப் பட்டையும் வைத்து மூடலாம். இருமல், இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதையே செய்ய நினைத்தால், வெளித்தோற்றம் மாறும் எந்த வேலைக்கும் நிர்வாகத்திடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஸ்ட்ராட்டா குடியிருப்புகளுக்கான 2015 ஆம் ஆண்டு விதிகளில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனின் பாரம்பரிய வட்டாரத்தில் இருக்கும் கடைவீடு என்றால் முகப்பு ஜன்னலைத் தொடும் முன் மாநகர் மன்றத்தைக் கேளுங்கள். மரச்சட்டத்து ஜன்னலை அப்படியே விட்டு, உள்ளே கழற்றக்கூடிய இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைப்பதே அங்கே உகந்தது.

உங்கள் வேலைக்குக் கண்ணாடி, அலுமினியக் கடை ஆள் ஒருவரே போதும். விலை கேட்கும்போது மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நுரைக்கயிறு வைத்துத்தான் சிலிக்கோன் பூச வேண்டும், சிலிக்கோன் நியூட்ரல் வகையாக இருக்க வேண்டும், கிரில் துளைக்குக் கம்பி போட வேண்டும். வேலை முடிந்து சிலிக்கோன் இறுகியதும், அவருக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், ஊதுபத்தியைப் பற்றவைத்துப் பலகையின் நான்கு மூலைகளையும் மறுபடி சோதித்துவிடுங்கள். கசிவு மிஞ்சினால் பெரும்பாலும் கீழ் மூலைகளில்தான் மிஞ்சும்.